வாய் கடலைப் பார்க்கணும்

என் கணவர் வீட்டில் பேசமாட்டார். வண்டியில் பேசுவார். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள் என்பதால் இப்போதெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை.

வீட்டில் அவருக்கு ஏழெட்டுச் சொற்கள் போதும். காபி, மாத்திரை, பேப்பர், ஃபேன், 'உம்' என்று அந்த வட்டத்துக்குள்ளேயே நாள் ஓடிவிடும். துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது இரும்புத் தகடு சரிந்து அவருடைய வலது முழங்காலில் விழுந்தது. டாக்டர்கள் காலைக் காப்பாற்றினார்கள், முட்டியைக் கைவிட்டுவிட்டார்கள். எலும்போடு எலும்பு ஒட்டிக் கால் நேராக நின்றுவிட்டது, மடங்காது. அதோடு பிள்ளைக்குப் பேச்சும் போய்விட்டது என்று என் மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மையில்லை. கல்யாணமான புதிதிலேயே அவர் அப்படித்தான். விபத்து அவருக்கு ஒரு சாக்கு கொடுத்தது, அவ்வளவுதான்.

வண்டி அதற்கு அடுத்த வருஷம் வந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது ராயபுரத்தில் விட்டுவிட்டுப் போன இங்கிலாந்துக் கார். நாங்கள் இருவரும் பிறப்பதற்கு முன்பே செய்தது. முன்னால் தனித்தனி இருக்கைகள் கிடையாது, பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி ஒரே நீள இருக்கை. கியர் தரையில் இல்லை, ஸ்டியரிங் தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் முன்பக்கத்துத் தரை காலியாகக் கிடக்கும். அவர் இடதுபக்கக் கதவைத் திறந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, என் தோளில் இடிக்கும்வரை உள்ளே நகர்ந்து வருவார். பிறகு அந்த நேர்க் காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் இடத்துக்குத் திரும்பிப் போவார். நான் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன்.

வேறு வண்டியில் இது நடக்காது. நடுவில் கியர் நிற்கும், கால் முன்பலகையில் முட்டும். பின் இருக்கையில் நீட்டிப் படுத்துக்கொண்டு வரலாமே என்று என் தம்பி ஒருமுறை யோசனை சொன்னான். "ஐஸ் பொட்டில வச்ச மீனாட்டம் நான் வரமாட்டேன்" என்றார். ஆட்டோ என்ற பேச்சை எடுத்தாலே தலையை ஆட்டிவிடுவார். முடியாது என்று அவர் சொன்னார், முடியாது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அதனால்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ராயபுரத்தில் கிளம்பி, காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரமாகவே எண்ணூர் முகத்துவாரம் வரை போய்விட்டுத் திரும்புவோம். அழகான ரோடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு பக்கம் கடலுக்குக் கொட்டிய கல், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். காசிமேடு தாண்டியதும் அவர் ஆரம்பிப்பார். எந்தக் கப்பலில் எந்த கேங்கு என்ன கூத்தடித்தது, அவருடைய அப்பாவின் குடி, மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவர் எத்தனை பயந்தார் என்பது, எல்லாம் வரும். என்னைப் பார்க்கமாட்டார், ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். நானும் ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பேன். லாரி ஹாரனில் பாதி காதில் விழாது. மறுபடி சொல்லுங்கள் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம். என் கல்யாண வாழ்க்கை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று சொன்னால் அதில் பெரிய தவறில்லை.

போன மழைக்காலம் முடிந்த கையோடு வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது. முதலில் ஒரு பழைய தட்டை வைத்தேன், அப்புறம் பேசின். எங்கள் தெரு முனை ஒர்க்‌ஷாப்காரர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். கியர் பெட்டியின் வால்பக்கத்தில், பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு நுழைகிற இடத்தில் ஒரு வளையம் இருக்கிறது, அதற்கு சீல் என்று பெயர், எண்ணெயை வெளியே விடாமல் பிடித்து வைப்பது அதுதான், அது போய்விட்டது என்றார்.

"சீலு கெடைக்கிற வரிக்கும் ஓட்டாதீங்க. எண்ணெ வத்துச்சின்னா உள்ள கீற பல்லெல்லாம் தேஞ்சிடும். அப்பால வண்டி எடைக்குத்தான்."

வெள்ளிக்கிழமைகள் அப்படி நின்றுபோயின.

பழைய வளையத்தை ஒர்க்‌ஷாப்காரர் கழற்றிக் கொடுத்தார். இரும்பு விளிம்புக்குள் கறுத்துச் சுருங்கிய தோல். ரப்பர்கூட இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் மூடி போட்ட சின்ன டப்பா என்றால் சிறுநீர் பரிசோதனைக்குக் கொடுக்கிற டப்பாதான் இருக்கும். அதற்குள் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைய ஆரம்பித்தேன்.

முதலில் புதுப்பேட்டை. அங்கே கிடைக்காத வண்டிச் சாமான் எங்குமே கிடைக்காது என்பார்கள். முதல் கடையில் வண்டியின் பெயரைச் சொன்னதும், "சார் வர்லியா?" என்று கேட்டார்கள். சாருக்கும் இதே வளையம்தான் வேண்டும் என்றேன். இரண்டாவது கடைக்காரர் நல்ல மனிதர், சிரிக்காமல், "இதுக்கு மியூசியத்துல தாம்மா கேக்கணும்" என்றார். மூன்றாவது கடையில் தேடித் தருகிறேன் என்று டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு நாலு நாள் கழித்து வரச் சொன்னார்கள். போனபோது டப்பாவையே தேடிக்கொண்டிருந்தார்கள், நல்லவேளையாக அது மட்டும் கிடைத்தது.

அடுத்து பாரிமுனை. சீலும் பேரிங்கும் மட்டுமே விற்கிற சந்துகள் அங்கே இருக்கின்றன. ஒருவர் அளவுகோலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, இது அங்குலக் கணக்கு, இப்போது வருவதெல்லாம் மில்லிமீட்டர் என்றார். உள்வட்டம் சரியாக இருந்தால் வெளிவட்டம் பெரிசு, வெளிவட்டம் சரியாக இருந்தால் உள்ளே தண்டு நுழையாது. கிட்டத்தட்ட இருந்த ஒன்றை வாங்கி வந்தேன். ஒர்க்‌ஷாப்காரர் தட்டி உட்கார வைக்கப் பார்த்தார், அது அப்பளமாக வளைந்தது. கம்ப்யூட்டரில் தேடி இங்கிலாந்திலிருந்து ஒன்றை வரவழைத்தேன். ஐந்து வாரம் கழித்து வந்து சேர்ந்தது, அதே பெயர் கொண்ட வேறொரு வருஷத்து வண்டிக்கானது. அதையும் டப்பாவில் போட்டுவைத்தேன்.

இதற்கிடையே வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. முதல் இரண்டு வெள்ளிக்கிழமையும் அவர் நாலு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கதவருகே வந்து நின்றார். வண்டி ஓடாது என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மூன்றாவது வாரம் சட்டை போடவில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை. சட்டை போட்டுக்கொண்டு நின்றதைத் தாங்கினேன், போடாததைத் தாங்க முடியவில்லை. ஒன்பது வாரம் நான் அந்த ஏழெட்டுச் சொற்களோடு குடித்தனம் நடத்தினேன்.

ஒரு சனிக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் மூளை வேலை செய்தது. ஐஸ் பேக்டரி சுவரோரம் ஒருவன் லாஞ்சு ஒன்றின் தண்ணீர் பம்ப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மீன்பிடிக்கப் போகும் லாஞ்சுகளில் பழைய வெளிநாட்டு எஞ்சின்கள் இன்னும் ஓடுகின்றன, அவையும் அங்குலக் கணக்குத்தான். அவன் என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்துக்காரன். டப்பாவை நீட்டினேன்.

"இன்னாக்கா, யூரின் டெஸ்ட்டா?"

திறந்து பார்த்தான். வளையத்தை விரலில் மாட்டிச் சுற்றினான். பக்கத்திலிருந்த நைலான் பையைக் கவிழ்த்து மூன்று வளையங்களைப் பொறுக்கி எடுத்தான். புத்தம் புது ரப்பர். அதே உள்வட்டம், அதே வெளிவட்டம்.

"நம்ம லாஞ்சு தண்ணி பம்புல போடுறதுக்கா இது. இதுக்கா இவ்ளோ நாளு சுத்தினே?"

புதுப்பேட்டைக்கும் பாரிமுனைக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டு, பிறந்த ஊருக்கு வந்து நிற்கிறேன். நான் காசிமேட்டுப் பெண். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அந்த வேலையை ஒன்பது வாரம் பார்த்திருக்கிறேன்.

நீயே வந்து மாட்டித் தருவாயா என்று கேட்டேன். அவன் மறைக்கவில்லை. "காரு நான் தொட்டதில்லக்கா. ஆனா சீலு சீலுதானே. இன்னா பெரிய விசயம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பக்கத்து மாதா கோயிலில் பூசை முடிந்து நடந்து வந்தபோது அவன் வாசலில் காத்திருந்தான். வண்டியைக் கல் கொடுத்துத் தூக்கி அடியில் நுழைந்தான். மாட்டுவதற்கு முன்னால் வளையத்தை வெளியே நீட்டி எனக்குக் காட்டினான்.

"பாருக்கா. இந்தப் பக்கம் வழவழன்னு கீதே, இது முதுகு. இந்தப் பக்கம் பள்ளமா, உள்ள ஸ்பிரிங்கு ஓடுது பாரு, இதான் வாய். எப்பவும் வாய் கடலைப் பாக்கணும். கடல் தள்ளத் தள்ள வாய் இறுக்கிக்கும், ஒரு சொட்டு உள்ள வராது. முதுகு பாத்துச்சின்னா கடல் உதட்டத் தூக்கிகினு உள்ள பூந்துடும்."

நான் தலையாட்டினேன். என் அப்பா படகில் போனவர். ஒழுகுவது என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே வருவது. கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் கணவரும் தலையாட்டினார், அவர் துறைமுகத்து ஆள். கடலோரத்துக்காரர்கள் மூன்று பேர் கூடி, வாயை வெளியே பார்க்க வைத்து, அந்த வளையத்தைத் தட்டி உட்கார வைத்தோம். காருக்கு வெளியே கடல் இல்லை என்பது மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

லாஞ்சுக்குச் செய்கிற வழக்கப்படி அவன் சுற்றிலும் கிரீஸை அள்ளி அப்பினான். பெட்டியில் புது எண்ணெய் ஊற்றினான். கீழே பேப்பர் விரித்து வைத்து ஐந்து நாள் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவர் சட்டை போட்டிருந்தார்.

அன்று காசிமேடுவரைகூட அவர் காத்திருக்கவில்லை, தெரு முனை திரும்புவதற்குள் ஆரம்பித்துவிட்டார். ஒன்பது வாரத்துப் பேச்சு. எதிர்வீட்டில் மாடி கட்டுவது, மகள் போனில் ஏன் சீக்கிரம் வைத்துவிடுகிறாள், பேப்பரில் வந்த ஒரு கப்பல், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. நான் மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

எர்ணாவூர் தாண்டியதும் கியர் பெட்டி முனக ஆரம்பித்தது. பிறகு கருகுகிற வாடை. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். நாங்கள் வந்த வழியெல்லாம் ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு இழுத்திருந்தது. வண்டிக்குள் அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டிருந்தார். எஞ்சினை அணைத்ததும் அவரும் அணைந்துவிட்டார்.

அந்த லாஞ்சு மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அவன் குப்பம் பக்கம்தான், கால் மணி நேரத்தில் தெரிந்தவர் ஆட்டோவில் வந்து இறங்கினான். அடியில் நுழைந்து பார்த்தான். வெளியே வந்து, எண்ணெய்க் கையோடு ரோட்டோரம் குந்தி உட்கார்ந்தான்.

"யக்கா, தப்பு என்னுதுதான். வாயத் திருப்பி வச்சிட்டேன். கார்ல எண்ணெ உள்ளல்ல கீது. வாய் உள்ளதான பாக்கணும். கிரீஸ் புடிச்சிகினு இருந்துச்சி, சூடு ஏறினதும் எல்லாம் வந்துட்ச்சி."

"நானும் பாத்துகினுதானப்பா இருந்தேன்" என்றேன்.

"முகத்துவாரத்துல கம்பெனி எண்ணெ கொட்டி எங்க போட்டெல்லாம் கறுப்பாச்சே, அப்பகூட நான் இப்பிடிக் குளிக்கலக்கா." அவன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். "நீங்க ரெண்டு பேரும் இந்த ஆட்டோல வூட்டுக்குப் போங்க. என் தோஸ்து வண்டி ஒண்ணு கீது, கட்டி இட்டாந்து உங்க வூட்டாண்ட உட்டுர்றேன்."

"அவரால ஆட்டோல ஏற முடியாதுப்பா. நாங்க கார்லயே உக்காந்துக்குறோம்."

மணலிப் பக்கமிருந்து வந்த டேங்கர் லாரிகள் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் வந்து, வண்டியை எப்படியாவது எடுங்கள், முதலில் ஆட்களை இறக்குங்கள் என்றார். நான் அவரிடம் கால் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்தக் கால், எப்போது அடிபட்டது, ஏன் மடங்காது என்று ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினால் காரில் ஆள் இல்லை.

அவர் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கைத்தடியை முதலில் உள்ளே போட்டார். மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்தார். உடம்பை அந்தக் கோடிக்குச் சாய்த்து, நேர்க் காலைக் குறுக்குவாக்கில் உள்ளே இழுத்து, குதிகாலை மூலையில் முட்டுக் கொடுத்தார். ஒரு வினாடி தயங்கவில்லை. எங்கே பிடிப்பது, எவ்வளவு சாய்வது என்று அந்த உடம்பு யோசிக்கவில்லை. வேலை பார்த்த காலம் முழுக்கக் கட்டில்களிலிருந்து ஆட்களை எழுப்பி நடக்க வைத்தவள் நான். முதல் தடவை ஒரு காரியத்தைச் செய்கிற உடம்பு எப்படித் தடுமாறும் என்று எனக்குத் தெரியும். இது முதல் தடவை இல்லை.

ஏறி உட்கார்ந்தேன். "எத்தினி வாட்டி ஏறியிருக்கீங்க?" என்றேன்.

அவர் டிரைவரின் முதுகைப் பார்த்தார். எர்ணாவூரிலிருந்து ராயபுரம்வரை ஒரு வார்த்தை இல்லை.

வீட்டில் காபி போட்டுக் கையில் கொடுத்துவிட்டு மறுபடி கேட்டேன். "நீ டூட்டிக்குப் போய்கினு இருந்த நாள்ல" என்றார். "காசிமேட்டாண்ட போய் டீ குடிச்சிட்டு வருவேன்."

"எத்தினி வருசமா?"

"ரொம்ப வருசமா."

எனக்கு வந்த கோபத்தைக் குறைத்துச் சொல்லப்போவதில்லை. புதுப்பேட்டையில் நின்ற வெயில் ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கனத்த ஸ்டியரிங்கைச் சுற்றிச் சுற்றி என் வலது தோள் போனது ஞாபகத்துக்கு வந்தது. ஊரெல்லாம், தம்பியிடம், மகளிடம், ஒரு மணி நேரம் முன்பு போலீஸ்காரரிடம்கூட, அவரால் முடியாது முடியாது என்று சாட்சி சொன்னவள் நான். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது, எங்கே ஏறிக் காட்டுங்கள் என்று கேட்டேனா? அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. என்னவெல்லாமோ பேசினேன். "பொய்யக் கட்டிகினு குடும்பம் நடத்தியிருக்கேன்" என்று கடைசியில் சொன்னது நினைவிருக்கிறது. அவர் பேசவில்லை. அது வீடு, பேசமாட்டார்.

நான் சமையலறைக்குப் போய் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கைத்தடிச் சத்தம் கேட்டது. அவர் சமையலறைப் பக்கம் வருகிறவர் இல்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், கேஸ் அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

"ஆட்டோல ஏறுவேன்னு தெரிஞ்சா நீ ஆட்டோலயே இட்டுகினு போயிருப்பே. ஆட்டோக்காரன் எதிர்ல நான் உங்கிட்ட இன்னாத்தப் பேசுறது?"

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் நாற்காலியில் உட்காருகிற சத்தம் கேட்கும்வரை நான் குழாயை மூடவில்லை.

கோபம் அத்தோடு போய்விட்டது என்று சொன்னால் நானும் பொய்க்காரி ஆவேன். இரண்டு நாள் இருந்தது. சோறு போட்டேன், மாத்திரை கொடுத்தேன், நான் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது வழக்கம். நான் பேசாமல் இருப்பது வீட்டுக்குப் புதிது. இரண்டாம் நாள் அவர் என்னை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே சொன்னபடி வண்டியைக் கட்டி இழுத்து வந்து விட்டுப்போயிருந்தான். திருப்பி மாட்டியதைக் குத்தி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த இரண்டில் ஒரு வளையத்தை எடுத்து, "உள்ள பாக்குது, உள்ள பாக்குது" என்று தனக்குத்தானே இரண்டு தரம் சொல்லிக்கொண்டு மாட்டினான். எண்ணெய் ஊற்றினான். பல் தேயவில்லை, நல்ல நேரத்தில் நிறுத்தினாய் என்றான். நானே ஓட்டிக்கொண்டு, அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, வண்டி சூடாகிறவரை கொருக்குப்பேட்டை வரைக்கும் போய்வந்தேன். அடியில் துடைத்துப் பார்த்தான், துணி காய்ந்தே இருந்தது.

கையில் சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"தப்பா நெனச்சிக்காதக்கா. அண்ணந்தான் ஆட்டோல சோக்கா ஏறுறாரே. அப்பால எதுக்கு இந்தக் கெழட்டு வண்டியக் கட்டிகினு இவ்ளோ பேஜாரு?"

கதவருகே என் கணவர் பேப்பரை விரித்து வைத்திருந்தார். முகம் தெரியவில்லை.

"அன்னிக்கு ஏதோ அவசரத்துல ஏறிட்டாருப்பா" என்றேன். "மத்தபடி அவரால வேற வண்டில ஏற முடியாது."

"ஆமாம்ப்பா, முடியாது" என்றார் அவர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.